பல்லேகலயில் ஒதுங்கிய த்ரீவீல்

பல்லேகலயில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாளில் யாருக்கும் நெஞ்சு வலிக்கக் கூடாது என்று நான் பல தரம் சொல்லியிருக்கிறேன். சொல்லி என்ன? வருகிற நோவு மேட்ச் அட்டவணை பார்த்தா வருகிறது?

நான் ஜெயராணி. குண்டசாலையில் நிற்கிற ஆம்புலன்ஸில் ஏழு வருஷமாக நோயாளிகளுக்கு அவசர உதவி பார்க்கிறவள். வண்டி ஓட்டுவது நஸீப் நானா, எனக்கு அண்ணன் மாதிரி. வாய் எனக்கு, பொறுமை அவருக்கு என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். அன்று பகலுக்குள் நாலு ஓட்டம் ஓடி முடித்திருந்தோம். சோற்றுப் பார்சலைப் பிரித்து ஒரே ஒரு வாய்தான் வைத்தேன். அவசர அழைப்பு எடுக்கிற கொழும்பு நிலையத்திலிருந்து ஐந்தாவது அழைப்பு வந்துவிட்டது.

திகன தாண்டி, தெல்தெனிய ரோட்டில் ஒரு வீடு. பெரியதம்பி, வயது அறுபத்தொன்று, மூச்சுப் பேச்சில்லை. அழைத்தவர் அந்த வீட்டில் இல்லை, கண்டி டவுனில் கடை வைத்திருக்கும் மோகனராஜ் என்பவர். வண்டி கிளம்பியதும் அவரைப் பிடித்து விசாரித்தேன்.

"சித்தப்பா நோர்வேல இருக்கிற மகள் நிரோஷினியோட வீடியோல பேசிக்கிட்டு இருந்தாராம் மிஸ். பேசப் பேச அப்படியே சரிஞ்சிட்டாரு. போனும் விழுந்து கட்டாயிருச்சு. அந்தப் புள்ள அங்கேருந்து எனக்கு அடிச்சிச்சு, நான் ஒங்களுக்கு அடிச்சேன். சித்தி போன எடுக்க மாட்டேங்கிறாங்க."

"பக்கத்து வீட்டு நம்பர் ஏதும் இருக்கா?"

"இல்லையே மிஸ்."

எரிச்சலாக வந்தது. ஆளை அசைக்காதே, நெஞ்சை அமுக்கு என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு காது வேண்டுமே! கொழும்பில் இருக்கிறவர்கள் போனிலேயே அமுக்குக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொடுப்பார்கள். எடுக்க ஆளில்லாத போனில் யாருக்கு எண்ணுவது?

போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்பில் திரை கட்டி நாடு நாடாகக் காட்டினார்கள். நோர்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே நெஞ்சை அமுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜப்பானில் ரயில் ஸ்டேஷன் சுவரிலேயே மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி மாட்டியிருக்கிறது. ஜெர்மனியில் டாக்டரே வந்து இறங்குகிறார். சிங்கப்பூரில் அடுத்த தெருவில் தேத்தண்ணி குடிக்கிறவனின் போன் அடித்து, இந்த வீட்டுக்கு ஓடு என்கிறது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நஸீப் நானா கொட்டாவி விட்டார்.

"எங்கட நாட்டுல என்ன ஈக்கி தங்கச்சி?"

"த்ரீவீல் இருக்கு நானா" என்றேன். வகுப்பே சிரித்தது.

சிரிக்கிற விஷயமில்லை. இங்கே ஓர் ஆள் விழுந்தால் நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்கி, மூன்று சக்கர த்ரீவீலில் மடக்கி உட்கார வைத்து, பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டு, வெளியே வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு பறப்பார்கள். அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதயம் நின்றவனுக்கு அந்த நிமிடமே நெஞ்சை அமுக்க வேண்டும், அதை ஓடுகிற த்ரீவீலில் யார் செய்வது? வாய் வலிக்க வலிக்க ஊர் ஊராகச் சொல்லிவிட்டோம்.

பல்லேகல ஸ்டேடியத்தடியில் ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற இடம். சைரனைப் போட்டு நுழைந்தோம். எதிரே ஒரு நீல த்ரீவீல் வந்தது. ஹெட்லைட் எரிந்தது, பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டை ஆடியது.

"அதுலயும் யாரோ ஈக்கிறாங்க போல" என்றார் நஸீப் நானா.

"நிப்பாட்டிக் கேப்போமா?"

"எங்கட ஆள் அங்க காத்துக்கிட்டு ஈக்கிறாரே?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த த்ரீவீல் பின்னுக்குப் போய், ஒரு வீட்டுக் கேட்டுக்குள் வாலை விட்டு ஒதுங்கி நின்றது. நஸீப் நானா கையைத் தூக்கி நன்றி சொன்னார். நானும் தூக்கினேன். பின்சீட்டிலிருந்த அம்மா எங்களைப் பார்த்து, போங்க போங்க என்று கைக்குட்டையை வீசினார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அங்கம்மா மட்டும் வாசலில் நின்றாள்.

"இப்பத்தான் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க மிஸ். நம்ம கறுப்பையாட நீல த்ரீவீல்ல. அவரு பெஞ்சாதி புஷ்பம் அக்கா வெள்ள லேஞ்சிய ஆட்டிக்கிட்டே போச்சு."

நஸீப் நானா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு இருந்துச்சா?"

"இழுத்து இழுத்து விட்டாரு. வலிப்புன்னு நெனச்சு சாவிக்கொத்தக் கையில குடுத்தோம்."

அது வலிப்பு இல்லை. இதயம் நின்றபின் உடம்பு போடுகிற கடைசி இழுப்பு. சாவியைக் கொடுத்த கையை நெஞ்சில் வைத்திருந்தால்! திட்ட வாயெடுத்தேன், அவளுடைய முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

உள்ளே அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியில் ஒரு போன் அடித்தது. திரையில் 'நிரோ மகள்' என்றிருந்தது. எடுத்தேன்.

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்ச அமத்துங்க! வேகமா அமத்துங்கம்மா!"

"நான் ஆம்புலன்ஸ்ல வந்த மிஸ் பேசுறேன். அப்பாவ த்ரீவீல்ல கொண்டு போயிட்டாங்க. பின்னாலேயே போறோம்மா."

அவள் அழுதாள். "நான் இங்க வயசானவங்க இல்லத்துல வேல செய்றேன் மிஸ். வருஷா வருஷம் பொம்மைக்கு அமத்திப் பழகுறேன். ஊர்ல யாருக்கும் சொல்லிக் குடுக்காமப் போயிட்டேனே!"

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். வந்த வழியே திரும்பினோம். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிச் சொன்னேன். ஸ்டேடியத்தடியில் மறுபடி நெரிசல். ஏழு வருஷக் களைப்பும் அந்த ஒரே ரோட்டில் என் தலையில் ஏறி உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நீல த்ரீவீல் ஹெட்லைட் எரிந்தபடியே நின்றது. உள்ளே டாக்டர்கள் கால் மணி நேரம் போராடிவிட்டுக் கையை எடுத்திருந்தார்கள். கொண்டு வரும்போதே ஒன்றும் இருக்கவில்லை என்றார் தாதி. என்னிடம் மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி இருந்தது, மருந்து இருந்தது, பழகிய கை இருந்தது. ஆளைத்தான் நான் தொடவேயில்லை.

புஷ்பம் அம்மா நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தச் சாவிக்கொத்து. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் உடுப்பைப் பார்த்தார், பின்னால் நின்ற நஸீப் நானாவைப் பார்த்தார்.

"பல்லேகலயில எதுக்க வந்தது நீங்கதானே மிஸ்?"

"ஆமாம்மா."

"கறுப்பையா ஒதுங்க மாட்டேன்னான். நம்மகிட்டயும் ஆள் இருக்கேங்கிறான். நான்தான் அதட்டினேன். ஆம்புலன்ஸுடா, உள்ளுக்கு ஒரு உசுரு துடிச்சிக்கிட்டு இருக்கும், வழி விடுன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்த ஆளு பொழச்சாங்களா?"

எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"பொழச்சிட்டாரும்மா" என்றேன்.

"நல்லது. இவரு போனா போகட்டும்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்லது."

நஸீப் நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. எனக்கு முன்னால் புஷ்பம் அம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரிந்துவிட்டது. சட்டென்று நிமிர்ந்தார். நான் ஒரு மடச்சி, யோசிக்காமல் வெளியே எடுத்துவிட்டேன்.

"இது எங்க வீட்டு போனாச்சே. ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

இரண்டாவது பொய் எனக்கு வரவில்லை. "ஒங்க வீட்டுக்குப் போனோம்மா. மகள் சொல்லித்தான் வந்தோம். ஒங்கள ஏத்தத்தான் வந்தோம்."

"அப்ப உள்ளுக்கு?"

"யாரும் இல்லம்மா. வெறும் வண்டி."

அவர் அழவில்லை. சாவிக்கொத்தை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடினார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. 'நிரோ மகள்.' நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க மிஸ்" என்றார். "நான் வழிவிட்டத மட்டும் புள்ளைக்குச் சொல்லாதீங்க."