மூத்த பிள்ளையின் பெயர்

காம்போவின் பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போதே டாங்கோவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. வறட்டுக் காற்றும் புழுதியும் ஆரம்பித்ததிலிருந்து ஊரில் குழந்தைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் தடிக்கும், இருமி இருமி அடங்கிவிடும். தட்டம்மை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "விருந்தாளி வந்திருக்கார்" என்பார்கள். விருந்தாளியாம்! கஞ்சி ஊற்றி வழியனுப்பி வைக்கிற ஆள் மாதிரி.

காம்போ குழிக்குப் பக்கத்தில் கண்ணில் ஈரமில்லாமல் நின்றான். அது அவனுக்கு முதல் பிள்ளை. முதல் பிள்ளைக்கு அப்பன் அழக்கூடாது. இருக்கும்போதும் கொஞ்சக்கூடாது, நாலு பேர் பார்க்கத் தூக்கக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பெற்றவளுக்கும் அப்படித்தான். அதுதான் வெட்கம், அதுதான் மரியாதை. "நல்ல வளர்ப்பு" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் காம்போவைக் காட்டி முணுமுணுத்தார். டாங்கோவும் தலையாட்டினார். தலையாட்டியபோதுதான் அந்தக் கோபம் கிளம்பியது.

வீட்டுக்கு வந்தால் அவருடைய பேரன் முற்றத்து மண்ணில் உட்கார்ந்து, கோழிக்குப் போட்ட தவிட்டைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் மூக்கு ஒழுகியது. குழந்தையைத் தூக்கிக் கண்ணைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. நெற்றி சுடவில்லை. சளிதான்.

"இவனுக்கு அம்மை ஊசி போட்டாச்சா?"

உள்முற்றத்தில் கம்பு இடிக்கிற உலக்கைச் சத்தம் நின்றது. மருமகள் தலாத்துதான் இடித்துக்கொண்டிருந்தாள். அவள் மாமனாரிடம் நேராகப் பேசமாட்டாள். அவள் புருஷன், டாங்கோவின் மூத்தவன், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை.

"உன்னைத்தான்டா கேக்கறேன்."

"அது... அதைப் பத்தி எனக்கென்னப்பா தெரியும்."

"அதுன்னா எது? ஆடா? நீ பெத்த பிள்ளையைக் கேக்கறேன்!"

மூத்தவன் இன்னும் கீழே குனிந்துகொண்டான். முப்பது வயதைத் தாண்டியவன். வண்டியில் ஆள் ஏற்றிக் குடும்பத்துக்கே சோறு போடுகிறவன். சந்தையில் போலீஸ்காரனோடு மல்லுக்கு நிற்கிறவன். அப்பன் முன்னால் தன் முதல் பிள்ளையைப் பற்றிப் பேச மட்டும் அவனுக்கு நாக்கு எழாது. அப்படித்தான் டாங்கோ அவனை வளர்த்திருந்தார்.

ஊசிக்காரர்களை நம்புகிற ஆள் இல்லை டாங்கோ. குழந்தை வாயில் சொட்டு விடுகிறோம் என்று வந்து, கதவில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போகிற கூட்டத்தை அவரே தடியை எடுத்துக்கொண்டு விரட்டியிருக்கிறார். கேட்காத மருந்தை வீடு தேடிக் கொண்டுவருவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டுப் போனால் தீர்ந்துவிட்டது என்பார்கள். இவர்களை எவன் நம்புவான்? ஆனால் அம்மை ஊசி வேறு. அந்த ஊசி இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு முன்னால், ஒரே காற்றுக்காலத்தில் சொந்தப் பிள்ளைகள் இரண்டைப் புதைத்தவர் அவர். ஊசி வந்த பிறகு பிறந்தவை பிழைத்துக் கிடந்தன. எவனும் சொல்லி அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் பெண்டாட்டி இருந்தவரைக்கும் இந்தப் பேச்சே எழவில்லை. மூத்த பிள்ளை பாட்டிக்குச் சொந்தம். அவள்தான் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவாள், வருவாள். போன மழை முடிந்த கையோடு அவள் போய்விட்டாள். அம்மை ஊசிக்கு வேண்டிய வயது குழந்தைக்கு அப்போது வந்திருக்கவில்லை.

"கத்தாதேடா டாங்கோ. என் புருஷன் பயந்துக்கிறான் பாரு." பாயில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த டெலு, அவருடைய அக்கா, குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "வாங்க புருஷா. அந்தக் கிழவன் மடி நாறும். இங்க வாங்க."

"அக்கா, விளையாட்டு வேண்டாம். போட்டாச்சா இல்லையா?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

"தலாத்து ரெண்டு தடவை போனா. முதல் தடவை பிள்ளைங்க கொஞ்சமாத்தான் வந்திருந்துதாம். 'ஒரு குப்பியை உடைச்சா பத்துப் பிள்ளைக்குக் குத்தணும், இல்லேன்னா மீதி வீணாப் போயிடும், அடுத்த வாரம் வா'ன்னு நர்சு திருப்பி அனுப்பிட்டா. அடுத்த வாரமும் போனா. பிள்ளை பேரென்னன்னு கேட்டிருக்கா. இவ என்ன சொல்லுவா? 'குட்டித் தாத்தா'ன்னா. நாம எல்லாரும் கூப்பிடற மாதிரி. 'சரியான பேரைச் சொல்லு, அப்பன் பேரைச் சொல்லு'ன்னாளாம். இவ வாயை மூடிக்கிட்டு நின்னா."

"வரிசையில நம்ம ஊர்க்காரி ஒருத்திகூட இல்லையா? அவ சொல்லக்கூடாதா?"

"அன்னைக்குச் சந்தை, நம்மூர்க்காரிங்க அங்கே போயிட்டாளுங்க. வரிசையில எல்லாம் வெளியூர்க்காரிங்க. 'பெத்தவளுக்குப் பிள்ளை பேரு தெரியாதா, எங்கேயிருந்து தூக்கிட்டு வந்தே'ன்னு நர்சு கேக்க, அவளுங்க எல்லாம் சிரிச்சாளுங்களாம். இவ முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு வந்துட்டா. பழைய நர்சு இந்தப் பக்கத்துக்காரி, வீட்டைச் சொன்னாலே எழுதிக்குவா. இந்தப் புது நர்சு எங்கேயோ தெற்கேயிருந்து வந்தவ."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"யாருடா சொல்லுவா? அவ இவன்கிட்ட சொன்னா. இவன் உன்கிட்ட சொல்லணும். எப்படிச் சொல்லுவான்? அந்தக் குழந்தை கிணத்தடியில வழுக்கி விழுந்தப்ப இவன் ஓடிப்போய்த் தூக்கினானே, நீ என்ன சொன்னே? 'வெட்கங்கெட்டவனே, ஊரு பாக்குது, கீழே விடு'ன்னே. ரத்தம் ஒழுகற பிள்ளையை மண்ணில விட்டுட்டு நகர்ந்தான்."

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்லை. அவ வயித்துல அடுத்தது இருக்கு. அது பிறந்ததும் அதைத் தூக்கிட்டு ஓடுவா, ஊசி போட்டுக்கிட்டு வருவா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இந்தக் குழந்தைதான், முதல்ல பிறந்த பாவத்துக்கு, அப்பன் ஆத்தா இருந்தும் அநாதை."

"நீ போயிருக்கலாம்ல?"

"இந்த இடுப்பை வச்சுக்கிட்டா? கொல்லைப்பக்கம் போகவே ரெண்டு ஆள் வேணும். ஒண்ணு செய். நீ என்னைத் தூக்கிக்க, நான் என் புருஷனைத் தூக்கிக்கிறேன். சேர்ந்து போவோம்."

டாங்கோ வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். நர்சைத் திட்டினார், நர்சை அனுப்பினவனைத் திட்டினார், பல்லிளித்த வெளியூர்க்காரிகளைத் திட்டினார். செத்துப்போன பெண்டாட்டியையும் விடவில்லை. டெலு கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. தலாத்து இருந்த பக்கத்திலிருந்து உலக்கை மறுபடி விழ ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

மறுநாள் ஊசி போடுகிற நாள். விடிந்ததும் அவர் குழந்தையைத் தன் பெரிய அங்கிக்குள் சுருட்டிக்கொண்டு மூத்தவனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "கிளம்பு" என்றார். வழி முழுக்க மூத்தவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குழி வந்த இடத்திலெல்லாம் வண்டியை ஊர்ந்துபோகிற மாதிரி விட்டான். காசு கொடுத்து ஏறுகிறவர்களுக்கு அவன் அப்படி ஓட்டினது கிடையாது.

மருத்துவமனை வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டம். சாவு பயம் எல்லோரையும் கிளப்பி விட்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு ஆம்பளை, அதுவும் நரைத்த தாடி. ஒருத்தி ஆரம்பித்தாள்.

"பெரியவரே, பால் குடுக்கணும்னா அந்தப் பக்கம் மறைவாப் போய் உட்காருங்க."

"உன் புருஷனுக்குப் பசிச்சா அனுப்பு. குடுக்கறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நேரே போய் மேசைக்கு முன்னால் நின்றார். நர்ஸ் தூஷிமா பருத்த உடம்புக்காரி, தூக்கம் கெட்ட கண். இந்தப் பக்கத்து ஹவுசா பேச்சு அவள் வாயில் கல்லும் மண்ணுமாக வந்தது. ஒரு சண்டைக்கு வேண்டியதையெல்லாம் டாங்கோ வழியிலேயே சேர்த்து வைத்திருந்தார்.

"பேரு?"

அவர் வாயைத் திறந்தார். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பேரனுக்கு வைத்திருந்தது அவருடைய அப்பாவின் பெயர். பெயர் வைத்த அன்று மௌலவிதான் அதைச் சொன்னார். டாங்கோ சொல்லவில்லை. சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லி, அப்பாவின் கையால் வாயில் அறை வாங்கினார். அதற்கப்புறம் இந்த நரைத்த தாடி வரைக்கும் அது அவர் நாக்கில் ஏறினதில்லை.

"குட்டித் தாத்தா" என்றார்.

"உங்களைக் கேக்கலை. குழந்தை பேரு."

"குழந்தைதான் குட்டித் தாத்தா."

தூஷிமா பேனாவைக் கீழே போட்டாள். "இதே கதைதான் எனக்கு இங்கே. போன வாரம் ஒரே நாள்ல மூணு தாத்தா, ரெண்டு பாட்டி. எவனுக்குப் போட்டேன், எவனுக்குப் போடலைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒருத்தனுக்கே ரெண்டு தடவை குத்திட்டு இன்னொருத்தனைச் சாக விடவா? பேரைச் சொல்லுங்க, இல்லேன்னா நகருங்க. அப்பன் பேரு என்ன?"

அது அதைவிட மோசம். அப்பன் அவருடைய மூத்த பிள்ளை. அவன் பிறந்த நாளிலிருந்து "ஏய்" என்பார், "இவனே" என்பார், "மூத்தவனே" என்பார். பெயர் என்று ஒன்றை அவர் வாயால் அவனுக்குக் கொடுத்ததில்லை.

பின்னால் எவளோ கிளுக்கென்று சிரித்தாள். தலாத்து நின்ற இடம் இதுதான். இதே மேசை, இதே சிரிப்பு. டாங்கோ வாசல் பக்கம் பார்த்தார். மூத்தவன் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை. நேற்றுக் குழிக்குப் பக்கத்தில் காம்போ நின்றதும் இதே மாதிரிதான். நல்ல வளர்ப்பு!

அவருக்கு வந்த கோபத்தில் மேசை அதிர்ந்தது. ஓங்கி அறைந்துவிட்டிருந்தார்.

"இனுவா!" என்று கத்தினார். "லவ்வாலி பெத்த பிள்ளை இனுவா! கேட்டுச்சா? லவ்வாலி என் மகன். இது அவன் மகன் இனுவா. எழுதிக்க. பெரிய எழுத்தா எழுதிக்க!"

வாசலில், கண்ணாடிமேல் இருந்த கை அப்படியே நின்றது.

தூஷிமா எழுதினாள். குழந்தையின் கையைப் பிடித்துக் குத்தினாள். அவன் வீறிட்டான்.

"இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க? ஊர்ல அம்மை இருக்கு. ஏற்கெனவே உடம்புக்குள்ள வந்திருந்தா இந்த ஊசி தடுக்கும்னு சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கவனமாப் பாருங்க. கண்ணு சிவந்தா உடனே தூக்கிட்டு வரணும்."

"நேரத்துக்குத்தான் வந்தா. நீதான் துரத்தி விட்டே."

"யாரு வந்தா?"

"என் மருமகள். பிள்ளையைத் திருடிட்டு வந்தவன்னு கேட்டியே, அவ."

தூஷிமாவின் முகம் கொஞ்சம் மாறியது. "அந்தப் பொண்ணா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல மாட்டா. இந்தப் பக்கத்துல எவளும் மூத்தது பேரைச் சொல்ல மாட்டா. நீ சோறு திங்கறது இந்த ஊர்ல, தெரிஞ்சுக்க. எந்த வீடுன்னு கேளு. கூட வந்தவளைக் கேளு. ஊருக்கு ஆள் அனுப்பிக் கேளு. சிரிக்காதே. இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் திரும்பி வருவேன்."

"வாங்க. நான் இங்கேதான் இருப்பேன். அடுத்தது யாரு?"

அவள் காதில் எவ்வளவு ஏறியதோ தெரியவில்லை. ஏறியிருக்கும் என்று அவர் நம்பவில்லை. அலறுகிற குழந்தையோடு வாசலுக்கு வந்தார்.

மூத்தவன் வண்டியைக் கிளப்பத் தயாராக உட்கார்ந்திருந்தான். பார்வை பெட்ரோல் டாங்கின்மேல்.

"கேட்டுச்சா?"

"என்னதுப்பா?"

"உன் பேரு."

"இல்லைப்பா. வண்டிச் சத்தம்."

வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை. டாங்கோவுக்கு மறுபடி தலைக்கேறியது. குழந்தையை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"பிடி."

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இறங்கு. பிடி."

"ஊர்ல என்ன சொல்லுவாங்கப்பா..."

"காம்போவுக்கு என்ன சொன்னாங்கன்னு நேத்துக் கேட்டேன். நல்ல வளர்ப்புன்னாங்க. அந்தப் பேரு உனக்கு வேணுமா? லவ்வாலி, பிடிடான்னு சொல்றேன்!"

மூத்தவன் இறங்கினான். அடுப்பிலிருந்து இறக்கிய பானையை வாங்குகிற மாதிரி விரலை அகல விரித்து வாங்கினான். அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. குழந்தையின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. பதறிப்போய் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். குழந்தை புது ஆளைக் கண்டதும் இன்னும் வாயைப் பிளந்தான், அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான்.

"போலாமாப்பா? நீங்க வாங்கிக்கிட்டா நான் வண்டியை..."

"எங்க போறது? அழுகை நிக்கட்டும். அப்புறம் போகலாம். நீயே நிறுத்து."

டாங்கோ வண்டியின் பின்சீட்டில் ஏறி அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். மூத்தவன் குழந்தையோடு வெயிலில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு லேசாக ஆட ஆரம்பித்தான். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று அவருக்குக் கேட்கவில்லை.

வரிசையிலிருந்த பெண்களில் சிலர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எவளாவது சிரிக்கிறாளா என்று டாங்கோ ஒவ்வொருத்தியாக முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.