சர்க்கரை போட்ட டீ

"ஒரு வாய் குடிச்சுட்டு அப்புறம் உக்காரேன்மா."

"வை. ஆறட்டும்."

"முன்னாடி வெச்சதுக்கும் ஆறட்டும்னுதான் சொன்னே. ஆறி, பச்சைத் தண்ணியாகி, நான் கொண்டுபோய்க் கொட்டினேன்."

"இதையும் கொட்டு" என்றாள் அம்மா, கோபமே இல்லாமல்.

மகள் கப்பைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். கட்டிலில் அப்பா வெள்ளைப் போர்வைக்குள் நீட்டிப் படுத்திருந்தார். விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். அம்மா வழக்கம்போல எழுந்து, தன்னுடைய சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு அவரை எழுப்ப வந்திருக்கிறாள். அதன்பிறகு கட்டில் விளிம்பை விட்டு அவள் அசையவில்லை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

மருந்துக்கடை நடத்தும் மகளுக்கு அதுதான் கவலை. மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள் என்று தினமும் கடைக்கு வருகிறவர்களிடம் தொண்டை வறளச் சொல்கிறவள் அவள். அம்மாவின் விரல்கள் போர்வை ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. துக்கமாக இருந்தால் அழுது தீரட்டும் என்று விட்டுவிடலாம். இது துக்கத்தின் நடுக்கம் இல்லை. சர்க்கரை இறங்குகிற நடுக்கம்.

அம்மா ஏன் குடிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்பா தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலையில் இருந்தவர். வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, தொட்டியில் துப்பிவிட்டு நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் விழுங்கினால் இரவுத் தூக்கம் போச்சு. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் முதல் வாய் அவருடையதுதான். தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு, "ம். இன்னைக்கு ஆளு சுறுசுறுப்பா இருக்கான்" என்று டீயைச் சொல்வார், சில நாள், "சோம்பேறிப் பய" என்பார். அதற்குப் பிறகுதான் அம்மா தன் கப்பைத் தொடுவாள். கல்யாணமான புதிதில் பயத்தில் தொடங்கியது. பின்னால் விளையாட்டாகி, அதற்கும் பின்னால் கண் சிமிட்டுவதுபோல் தன்னால் நடக்கிற காரியமாகிவிட்டது. தீர்ப்பு வராத கப்பைத் தூக்க அவள் கைக்குத் தெரியாது.

"டீ குடிச்சா நெஞ்சுக்கு நல்லது, ஆயுசு கூடும்னு போறவன் வர்றவனையெல்லாம் பிடிச்சு வெச்சுச் சொல்லுவாரே அத்தான்" என்று வாசற்படியில் நின்ற மாமா, அம்மாவின் தம்பி, குரல் உடையச் சொன்னார்.

"எண்பத்திரண்டு வயசுடா. இன்னும் எவ்வளவு கூடணும்ங்கிற?"

மாமாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று பிடிபடவில்லை. வண்டி எப்போது வரும் என்று கேட்கப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார்.

மகள் சமையலறைக்குப் போனாள். இந்த வீட்டு டீயில் சர்க்கரை விழுந்ததில்லை. "சர்க்கரை போட்டா அது டீ இல்ல, சர்பத்து" என்பது அப்பாவின் சட்டம். அதற்காகவே டப்பா மேல் அலமாரியில், எட்டாத உயரத்தில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். "கண்டுக்காதீங்கப்பா" என்று முனகிக்கொண்டே டீ இருந்த கெட்டிலுக்குள் அள்ளிப் போட்டாள்.

கூடத்துக்கு வந்தபோது மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு ருசி பார்த்தவர்கள். ஜலதோஷம் வந்தால் வேலை போய்விடும் என்று அன்று தொடங்கி இன்றும் வெயிலில்கூட மப்ளர் சுற்றுகிற மூக்கர். கதவில் பாதியை அடைத்து நிற்கிற குண்டு சித்தப்பா. கடைசியாக வேலைக்குச் சேர்ந்ததால், தானும் ஓய்வு பெற்ற பின்னரும் 'புதுசு' என்றே அழைக்கப்படுகிறவர். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

மகள் முதலில் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். வேறு வழியில்லாமல் வந்தவர்களுக்கும் அதே கெட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள்.

கைக்குக் கப்பு வந்ததும் அந்த மூவருக்கும் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்துபோனது.

சர்ர்ர். சர்ர்ர். சர்ர்ர்ர்.

கூடத்தில் யாரோ துணியைக் கிழித்ததுபோல் இருந்தது. ஆறு கன்னங்களும் உப்பின. உருட்டினார்கள். அப்புறம்தான் துப்பத் தொட்டி இல்லை என்பது உறைத்தது. மூக்கர் ஜன்னலைப் பார்த்தார். குண்டு சித்தப்பா மூலையில் இருந்த பூத்தொட்டியைப் பார்த்தார். அதைச் சுற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதுசுதான் முதலில் தோற்றார். விழுங்கி, புரையேறி, கண்ணில் நீர் வர இருமினார்.

"சர்க்கரை!" என்றார் மூச்சு வந்ததும். "அண்ணன் இருக்கும்போதேவா பாப்பா?"

அம்மாவின் தோள்கள் குலுங்கின. மகள் பதறிப்போய்ப் பிடிக்க ஓடினாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். போர்வையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், மூச்சு முட்ட.

"என்னய்யா, முழுங்கிட்டுச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

மூக்கர் கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினார். "இலை நல்ல இலை, அண்ணி. பாப்பாதான் சர்க்கரையில முக்கி எடுத்திருக்கு."

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் புதுசு.

"உனக்கு எதுடா பிடிக்கல? அதனாலதான் நீ இன்னும் புதுசு" என்றார் குண்டு சித்தப்பா.

"தண்ணி கொஞ்சம் அதிகமாக் கொதிச்சிருக்கு" என்றார் மூக்கர்.

"கொதிக்கல. உன் நாக்கு செத்து வருஷமாச்சு."

"அண்ணனைக் கேட்டா தெரியும்" என்று மூக்கர் சொல்லி, சட்டென்று நிறுத்திக்கொண்டார். மூன்று பேரும் கப்புக்குள் பார்த்தார்கள். தெருவில் மாமா போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"குடு" என்றாள் அம்மா, மகளைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி.

மகள் கப்பை அவள் இரண்டு கைக்குள்ளும் வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். முதல் வாயில் கொஞ்சம் புடவையில் சிந்தியது. இரண்டாவது சரியாகப் போனது. அதன்பிறகு அம்மா மகளின் கையை விலக்கிவிட்டாள்.

"அடேயப்பா" என்றாள். "இவ்வளவு நல்லாவா இருக்கும்? இத்தனை வருஷமா ஏமாத்திட்டாரே மனுஷன்!"

"அண்ணி!" என்று மூக்கர் காதைப் பொத்திக்கொண்டார்.

"காதைப் பொத்த வேண்டியவரே பொத்தல. உங்களுக்கென்ன?"

அடிவரை குடித்தாள். மகள் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல் முழுக்க மற்றவர்களின் கப்புகள் சேர்ந்திருந்தன. குண்டு சித்தப்பா ஏதோ பழைய கதையை ஆரம்பித்திருந்தார். அம்மா அதற்குச் சிரித்துக்கொண்டே, காலிக் கப்போடு கட்டில் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து படுங்களேன். கப்பு வைக்க இடமில்ல."