சின்னவனின் செவுள்

"செவுள் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு? முன்னாடியா, பின்னாடியா?"

கண்ணாடித் தொட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தாள் மனைவி. தொட்டி, கணவர் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. இனி அவள்தான் அவருக்குக் கண்.

ஆறு வருஷத்தில் அந்தப் பிராணியை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. பல்லிக் கால். மீன் வால். தலைக்கு இரு பக்கமும் மும்மூன்று இறகுகள், அவைதான் செவுள். ஆக்சலாட்டில் என்று சொல்லி மகன் வாங்கி வந்தான். வந்த வேகத்தில் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் மகன் பெரியவன், இது சின்னவன்.

"முன்னாடிங்க. முகத்தை மூடிக்கிற மாதிரி."

"நிறம்?"

பொய் சொல்லிவிடலாமா? காலையில் டாக்டர் வாசலில் நின்று, "இன்னிக்கு. மிஞ்சினா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகிற மனுஷனுக்கு எதற்கு இந்தக் கவலை?

"சிவப்பாத்தான்... நல்லாத்தான் இருக்கு."

"ஏய்." மூக்குக் குழாய்க்குக் கீழே உதடு லேசாகச் சிரித்தது. "முப்பது வருஷம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணவன் நான். 'நல்லாத்தான் ஓடுது, கூலிங் மட்டும் இல்ல'ன்னு சொல்ற கஸ்டமர் மாதிரியே பேசறே."

அவள் தோற்றாள்.

"வெளுத்துப் போச்சுங்க. நுனியில பஞ்சு ஒட்டினாப்ல இருக்கு."

"பூஞ்சை. டிகிரி என்ன?"

"இருபத்து நாலு."

"இருபதைத் தாண்டினாலே அவனுக்கு ஆகாது. சூடு ஏறியிருக்கு."

ஏன் ஏறியது என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் முன்பு, அவருக்கு மூச்சு இழுத்த மதியம், வாடகை ஆக்ஸிஜன் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். நேராகச் சுவரில்தான் சொருகணும் என்றார். அந்த அறையில் இருந்ததே ஒரு பிளக் பாயின்ட். அதில் தொட்டியைக் குளிர வைக்கும் குட்டி ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் பிடுங்கினாள். வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். அப்புறம் பார்த்துக்கலாம் என்று நினைத்தவள், மறந்தே போனாள்.

"என்னங்க... அந்த ஃபேனை..."

"தெரியும்."

"எப்படி?"

"நாலு நாளா சத்தம் கேக்கலையே." கம்ப்ரசர் முனகுவதை வைத்தே அதன் வியாதியைச் சொல்லும் காது அது.

"ஏங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா எதைப் பிடுங்குவே?"

மெஷின் புஸ்... புஸ்... என்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, அழுதது போதும். பால் போடாம ஒரு டீ போடு. ஸ்ட்ராங்கா."

"உங்களுக்கா?"

"அவனுக்கு."

"ஏன், உங்க சின்னவனுக்குச் சர்க்கரை வேண்டாமா?"

"வேண்டாம். நல்லா ஆறட்டும். டப்பாவில நான் பிடிச்சு வச்ச தண்ணி ஊத்தி, அதில கலந்து, அவனைப் பத்து நிமிஷம் விடு. டீ பூஞ்சைக்கு ஆகாது. அப்புறம் சுத்தத் தண்ணி டப்பாவுக்கு மாத்தி, மூடியில ஓட்டை போட்டு, ஃபிரிட்ஜுல கீழ்த்தட்டுல வை. மெதுவாக் குளிரணும். ஐஸைக் கொட்டிடாதே. தினம் தண்ணி மாத்தணும்." இத்தனையும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

டீத் தண்ணீரில் பத்து நிமிஷம் விட்டு, வலையால் ஏந்தினாள். சின்னவன் துள்ளவில்லை, அவளையே பார்த்தான். தக்காளியைத் தள்ளி, தயிரை மேலே ஏற்றி, அவனுக்கு இடம் பண்ணினாள்.

"வச்சாச்சு."

"நாலு மணிக்குப் பாரு. செவுள் பின்னாடி போனா தேறிட்டான்னு அர்த்தம். போச்சான்னு வந்து சொல்லு."

அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு அடித்ததும் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு எழுந்தாள்.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். பஞ்சு அப்படியே இருந்தது. ஆனால் இடது பக்க இறகுகள், முகத்தை விட்டு லேசாக விலகியிருந்தன. ஒன்று மெல்ல அசைந்தது.

வேகமாகத் திரும்பி வந்தாள்.

மெஷின் புஸ்... புஸ்... என்றது. போர்வை ஏறவில்லை, இறங்கவில்லை.

கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"கொஞ்சம் பின்னாடி போயிருக்குங்க" என்றாள்.

மறுநாள் பெரியவனும் வந்து, எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்த பெரியவன், "அம்மா!" என்று அலறி, பிறகு டப்பாவைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதான். அவள்தான் டப்பாவை வாங்கி, தண்ணீரை மாற்றி, திரும்ப உள்ளே வைத்தாள். பிறகு இருவருமாகத் தொட்டியின் பாதித் தண்ணீரையும் மாற்றினார்கள்.

சாயங்காலம் வந்த மெஷின்காரர் செருப்பை வெளியே விட்டு, சத்தமில்லாமல் பிளக்கைப் பிடுங்கி, தூக்கிக்கொண்டு போனார்.

சுவரில் மூன்று துளைகள்.

அலமாரியிலிருந்து வயரை எடுத்துச் சுருளைப் பிரித்தாள். சொருகினாள். தொட்டி விளிம்பில் குட்டி ஃபேன் சுழன்றது. ஆளில்லாத தண்ணீரில் சுருக்கம் விழுந்தது.

"அவன்தான் ஃபிரிட்ஜுல இருக்கானே. காலித் தொட்டிக்கு எதுக்கும்மா ஃபேன்?"

"குளிரட்டும்டா."

அவள் தலைமாட்டில் முனகும் ஃபேன் பக்கம் காதைச் சாய்த்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.