ஒத்திலியா கட்டிய பெண்வேஷம்

ஷாந்தோலோத் திருவிழாவுக்காக ஊரே துலுக்கச் சாமந்தியில் வளைவு கட்டிக்கொண்டிருந்த காலையில், கொழுந்தன் நபோர் ஒத்திலியாவின் வாசலில் வந்து நின்றான். வந்த காரியம் அவளுக்குத் தெரியும். செத்தவர்கள் வீடு திரும்பும் அந்த நாட்களில் முகமூடிக் கூட்டம் வீடு வீடாக ஆடிக்கொண்டு போகும். ஆடுபவர்கள் எல்லோரும் ஆண்கள். பாதிப் பேருக்குப் பெண்வேஷம். அவள் புருஷன் பிதென்சியோ வருஷா வருஷம் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியாக ஆடி ஊரைச் சிரிக்க வைத்தவன். மழைக்கு முன்னால் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷம் ரொட்டிக்கார அபுந்தியோ அந்த வேஷத்தைக் கட்டட்டும், பாவாடையைக் கொடுங்கள் என்று நபோர் தயங்கித் தயங்கிக் கேட்டான். ஒத்திலியா பெட்டியிலிருந்து மஞ்சள் பாவாடையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“அபுந்தியோவுக்கு இது ஒரு காலுக்குத்தான் பத்தும். நானே கட்டிக்கிறேன்.”

பொம்பளைகள் ஆடும் வழக்கம் இல்லையே மதினி என்று அவன் இழுத்தான்.

“முகமூடி போட்டா சாவுக்கே அடையாளம் தெரியாதுன்னு நீங்கதானே சொல்றீங்க. ஊர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருமா?”

நபோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான்.

கல்லறையைக் கூட்டப் போவதாக மகள் நிகாசியாவிடம் சொல்லிவிட்டு அவள் கூட்டத்தோடு கிளம்பினாள். முதல் வீட்டு முற்றத்தில் யாருமே சிரிக்கவில்லை. அவள் எப்போதும் நடக்கிற மாதிரியே நடந்ததுதான் காரணம். ஒத்திலியாவின் பக்கத்து வீட்டுக்காரி செனைதாவுக்குப் பொறுக்கவில்லை.

“இதெல்லாம் ஒரு பொம்பளை நடையா? மாடு மேய்க்கப் போறவன் மாதிரில்ல நடக்குறான்” என்று நடுவில் வந்து, இடுப்பைப் பிடித்து ஆட்டி நடை சொல்லிக்கொடுத்தாள்.

முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒத்திலியா கற்றுக்கொண்டாள். பிறகு பிதென்சியோ செய்வது நினைவுக்கு வந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, வயிற்றை முன்னே தள்ளி, முனகிக்கொண்டே ஆடினாள். சிரித்த கூட்டம் அடுத்த வீட்டுக்கும் பின்னாலேயே வந்தது.

மத்தியானம் அவள் வீட்டு முறை. அதை நினைத்துத்தான் காலையிலிருந்து பயந்திருந்தாள். பூவுக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவே பிதென்சியோவின் படம். முன்னால் அவனுக்குப் பிடித்த பீர். கூட்டத்து வயலின்காரன் வாசிக்கத் தொடங்கியதும் கால் தானாக ஆடியது. சுற்றிச் சுழன்ற வேகத்தில் கயிறு அவிழ்ந்து, தலையணை பொத்தென்று படத்துக்கு முன்னால் விழுந்தது.

வயலின் நின்றது. நிகாசியா தலையணையை எடுத்துத் தன் சால்வையில் பொதிந்து படத்தின் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

“அப்பா, பையன் பொறந்திருக்கான். உரிச்சு வச்ச மாதிரி உங்க மூக்கு.”

முற்றமே வெடித்துச் சிரித்தது. ஒத்திலியாவும் அடக்க முடியாமல், தன் சொந்தக் குரலில், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டாள். எத்தனை மாதம் கழித்து வந்த சிரிப்பு. நிகாசியா சட்டென்று திரும்பினாள். பாவாடைக்குக் கீழே தெரிந்த பாதங்களைப் பார்த்தாள். தலையணையை நீட்டினாள்.

“வாங்கிக்கங்கம்மா. புள்ளை பசிச்சு அழுவுது.”

கடைசி நாள் பகலில், செத்தவர்களை வழியனுப்பக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கூடினார்கள். நபோர் ஒவ்வொருவர் முகமூடியாகக் கழற்றினான். பிள்ளைத்தாய்ச்சியின் முகமும் வெளிப்பட்டது. செனைதாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அடிப்பாவி, உனக்கா நான் நடை சொல்லிக்கொடுத்தேன்!”

பெரியவர்கள் இரண்டொருவர் வழக்கம் கெட்டுவிட்டதென்று முணுமுணுத்தார்கள். அபுந்தியோ, தான் கட்டியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது என்று உரக்கச் சொல்ல, பேச்சு அத்தோடு அடங்கியது. வயலின் மறுபடி கிளம்பியது. வெயில் முகத்தில் பட, வேர்க்க வேர்க்க ஒத்திலியா ஆடினாள். பிறகு பிதென்சியோவின் கல்லறைப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வாழையிலையில் வெந்த சோளமாவும் கோழியுமாக ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு தட்டு கேட்டாள்.