பாவு காயும்வரை

விடியுமுன் எழுகிறேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கடுங்காப்பி போடுகிறேன். பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன். குளித்து, வேட்டி மாற்றி, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அரங்கம் அடுத்த தெருவில் இருக்கிறது. கேட்டைத் திறக்கிறேன். மேடை விளக்கு எரிந்தால் அணைக்கிறேன். மீட்டரைப் பார்க்கிறேன். ஒப்பனை அறையின் கூரை ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். மோட்டாரைப் போடுகிறேன். பிறகு ஒதுங்கி நிற்கிறேன். நெசவுக்காரர்கள் பாவோடு உள்ளே வருகிறார்கள்.

நகராட்சியின் திறந்தவெளிக் கலையரங்கத்துக்கு நான் மேலாளர். பி.காம். படித்ததற்குக் கிடைத்த வேலை. நாடகத்துக்கும் இசைக்குழுவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் தேதி கொடுக்க வேண்டும். வாடகை வாங்க வேண்டும். கரண்ட் பில் கட்ட வேண்டும். பங்குனி, சித்திரையில் வருவதை ஐப்பசி மழை தின்றுவிடும். எண்பத்திரண்டில் சித்திரையிலும் வரவில்லை. டிவி வந்தால் இன்னும் மோசமாகும் என்றார்கள். கரண்ட் பாக்கி விழுந்தது.

அரங்கத்தின் மைதானம் முன்பு பாவடியாக இருந்த இடம். சில புடவைகளுக்கு வேண்டிய நீள இழைகளையெல்லாம் சேர்த்ததுதான் பாவு. அதைத் தறியில் ஏற்றுமுன் மூங்கில் கவைகளின்மேல் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பெரிய பிரஷால் நீவி, காய வைக்க வேண்டும். அதற்குத் தெருவின் நீளத்துக்கு இடம் வேண்டும். சுவர் எழுப்பி மேடை கட்டியபோது, காலையில் கேட் திறந்திருக்கும் என்று அன்றைய சேர்மன் வாயால் சொன்னார். எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதுவே வழக்கமாகிவிட்டது.

கமலவேணியை நான் முதலில் பார்த்தது அந்தப் பாவு ஓரத்தில்தான். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமான பிறகும் காலையில் அப்பா வீட்டுப் பாவுக்கு வருவதை நிறுத்தவில்லை. மாசியில் இறந்துபோனாள். மூளைக்காய்ச்சல்.

ஆவணியில் சென்னியப்பன் வந்தார். நாமக்கல் பக்கத்து லாரிக்காரர். மைதானத்தைப் பகலில் லாரி நிறுத்தக் குத்தகைக்குக் கேட்டார். அவர் சொன்ன தொகையில் பாக்கி முழுதும் தீரும், கூரைக்குத் தகரமும் போடலாம். ஆணையர் என்னைக் கூப்பிட்டார்.

"கவுன்சிலுக்குக் குறிப்பு எழுதுங்க. மாலை நிகழ்ச்சி தவிர மைதானத்துக்கு வேற உபயோகம் இல்லைன்னு ஒரு வரி. அது போதும்."

"காலையில..."

"அதுக்கு ரசீது இருக்கா?"

இல்லை.

"அப்ப உபயோகம் இல்ல. பாக்கி கட்டலைன்னா லைனைப் பிடுங்கிடுவாங்க. லைட் இல்லாத அரங்கத்துக்கு எதுக்கு மேனேஜர்? யோசிச்சுக்கங்க. திங்கக்கிழமை மத்தியானம் கொண்டு வாங்க."

ஞாயிறு இரவு அந்த வரியோடு சேர்த்துக் குறிப்பை எழுதினேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

திங்கள் காலை கேட்டைத் திறந்தேன். என் மாமனார் நாச்சிமுத்தும் மாமியார் கந்தம்மாளும் பங்காளிகளோடு பாவை விரித்தார்கள். அரக்குச் சிவப்பு. விஷயம் அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மாமனார் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"சாப்புட்டீங்ளா மாப்பிள்ளை?" என்றார்.

"ஆச்சுங்க மாமா."

"எங்க ஆச்சு. காப்பித்தண்ணி குடிச்சிருப்பீங்க," என்றார் மாமியார். பாவைப் பார்த்தபடியே பங்காளி வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்: "எம் மக சாவறப்போ என்ன சொல்லீட்டுப் போனா? அவரைப் பாத்துக்கம்மான்னு தானே சொன்னா. கடைசிப் பேச்சு அதுதானுங்க. நாம சொன்னா இவரு கேக்கறாரா?"

அவள் அப்படிச் சொல்லவில்லை. மாமியார் பதினாறாம் நாளிலிருந்து அப்படிச் சொல்லி வருகிறார். நான் மறுத்ததில்லை.

கஞ்சி போட்டு நீவி முடிக்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஹாரன் கேட்டது. சென்னியப்பன் லாரியோடு வந்திருந்தார். மைதானத்தில் எத்தனை வண்டி திரும்பும் என்று ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். உள்ளே எட்டிப் பார்த்தார். மைதானத்தின் நடுவே பாவு குறுக்கே நின்றது.

"ஏனுங் மேனேஜரு, இந்த நூலுக்கு மணிக்கு எவ்வளவுங்க வாடகை?"

மாமியார் திரும்பினார். "உங்க லாரிக்கு நாங்க கஞ்சி போட்டு நீவி உடறமுங்க. அதுக்கும் இதுக்கும் நேர் பண்ணிக்கலாமுங்க சாமி."

பங்காளிகள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. பொழப்பு நடக்கற எடத்துல இருந்து யாரையும் வெரட்டற ஆளில்லீங்க நானு."

"காலை நேரத்தை இவங்களுக்கு விட முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"எத்தனை மணி வரைக்குமுங்க?"

"காயும்வரை."

"காயற வரைக்குமுன்னா?"

"வெயில் அடிச்சா சீக்கிரம். மூட்டமா இருந்தா நேரமாகும்."

தலையை ஆட்டினார். "நம்ம வண்டியெல்லாம் ராத்திரி பூரா ஓடி விடியக் காலையிலதானுங்க வந்து சேரும். ரோட்டுலயே நிக்கச் சொன்னா டிரைவரு எப்பத் தூங்குவான்? மூட்டமா இருக்குதான்னு வானத்தைப் பாத்துட்டா கேட்டுக்குள்ள வருவான்? முழுசா குடுங்க, இல்லீன்னா வேண்டாமுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்.

மாமனார் பாவின் கடைசியில் நின்று இழையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். விரலால் தொட்டால் ஒட்டும். கமலவேணியும் அப்படித்தான் தொடுவாள்.

"இன்னும் ஈரமுங்களா மாமா?"

"ஆமாங்க. கொஞ்ச நேரம் ஆவும். உங்களுக்குச் சோலி இருந்தா போங்க மாப்பிள்ளை. சாவியைக் காளியண்ணங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

காளியண்ணன் எங்கள் வாட்ச்மேன். நான் சாவியைக் கொடுக்கவில்லை. மேடைப் படியில் உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த குறிப்பில் அந்த வரியை அடித்தேன். வேறு வரி எழுதினேன். நாள்தோறும் காலையில் பாவு காயும்வரை மைதானம் நெசவாளர் உபயோகத்தில் உள்ளது. கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் ஆணையர் அதை நின்றபடியே படித்தார். மறுபடியும் உட்கார்ந்து படித்தார்.

"இது கவுன்சிலுக்குப் போனா சென்னியப்பன் வரமாட்டார். தெரியுமா?"

"தெரியும் சார்."

"அடுத்த மாசம் லைன் போகும். அதுக்கடுத்த மாசம் உங்க போஸ்ட் போகும்."

"தெரியும் சார்."

"உங்க மாமனார் பாவுன்னு ஊரே பேசும்."

"பேசட்டும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் கொஞ்சம் தணிந்தது. "மனசு சரியில்லாத நேரம், புரியுது. ஆனா இது என்ன கணக்கு? காயும்வரைன்னு ஒரு நேரம் உண்டா? எந்த ஆர்டர்ல இருக்கு? யாருய்யா உங்ககிட்ட இப்படிச் சொன்னது?"

அவர் குறிப்பைக் கோப்பில் வைத்தார். நான் வெளியே வந்தேன்.

மாசியில் அன்று காலையில் மூட்டமாக இருந்தது. சாயங்காலம் இசைக்குழு. பந்தல்காரன் வண்டியோடு சீக்கிரமே வந்து நின்றான். கஞ்சி ஈரத்தில் தூசி படியக் கூடாது என்று அவனைப் பின்பக்கமாக வரச் சொல்லிவிட்டு, முன் கேட்டைப் பூட்டப் பூட்டைக் கையில் எடுத்தேன். மாமனாரும் மற்றவர்களும் கஞ்சிச் சட்டியைக் கழுவ வெளியே போயிருந்தார்கள். பூட்டிவிட்டால் அவர்கள் திரும்பி வர முடியாது. எனக்கு அது தோன்றவில்லை. கமலவேணி மேடைப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுட்டது. வீட்டுக்குப் போய்ப் படு என்றேன். பாவைக் காட்டினாள்.

பந்தல்காரனுக்கு வழி காட்டிவிட்டு நான் திரும்பி வந்தபோது அவள் படியில் சாய்ந்து கிடந்தாள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் திறக்கவில்லை. அங்கே மாமியார் பக்கத்தில் இருந்தார், நானும் இருந்தேன். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அவள் கடைசியாகப் பேசியது படியில்தான், என் கையிலிருந்த பூட்டைப் பார்த்து.

"ஏனுங்க, பாவு இன்னும் காயலீங்க. கேட்டைப் பூட்டிப் போடாதீங்க."