தானாகப் போய்ச் சேரும்

அலுவலகத்தில் அவனைப் பாதாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் திரையில் தெரிகிற பொத்தானுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்க, இவன் அதற்கெல்லாம் அடியில், கெர்னல் என்கிற அடித்தளத்தில், எந்த நினைவகத்தில் எது கிடக்கிறது என்று தோண்டிக்கொண்டிருப்பவன். அந்தப் பெயரை வைத்தவள் சந்தேகம். அதுவும் பட்டப்பெயர்தான். பரிசோதனைப் பிரிவுக்காரி, காபி சூடாக இருக்கிறது என்றால்கூட விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

அவர்கள் செய்வது பேச்சுப்பெட்டி. குரல் போனவர்கள் அதில் தட்டினால் அது பேசும். ஃபோனில் பேசும்போது மட்டும் ஒரு வித்தியாசம்: எதிரொலி வரக்கூடாது என்று பெட்டியின் குரலை நேராக லைனுக்குள் விட்டிருந்தார்கள். எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கும், தட்டியவருக்குக் கேட்காது.

அன்று காலை வந்த புகாரைச் சந்தேகம் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். எழுதியவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மகள் ஃபோனில் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் "ஆச்சு" என்று தட்டியிருக்கிறார். பெட்டி "மழை" என்றிருக்கிறது. மாத்திரை போட்டீர்களா என்றதற்கும் மழைதான். மகள் பதறிப்போய் அவரை மூளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். "எனக்கு மூளை நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பெட்டிக்கு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று முடித்திருந்தார் வாத்தியார்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாதாளமும் சிரித்தான்.

சிரித்து முடித்ததும் சந்தேகம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவன் தன் இடத்திலிருந்து ஃபோனில் கேள்வி கேட்க வேண்டும், அவள் தட்ட வேண்டும். பத்துப் பதினைந்து கேள்விக்குப் பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கடைசியா உனக்கு என்ன கேட்டுச்சு?"

"சரின்னு கேட்டுச்சு."

"நான் இல்லன்னு அடிச்சேன்! பாரு, நீளமா அடிச்சா ஒழுங்கா சொல்லுது. ஒத்தை வார்த்தைன்னா, அதுவும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அடிச்சேன்னா, முன்னாடி சொன்னதையே திருப்பிச் சொல்லுது. இது மேல் மாடி வேலை இல்ல. உன் பாதாளத்துலதான் ஏதோ செத்துக் கிடக்கு."

அவனுக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

பெட்டிக்குள் கணக்குப் போடுகிற ப்ராசஸர், அதாவது செயலி இருக்கிறதே, அது மகா சோம்பேறி. எழுத வேண்டியதை நினைவகம் வரைக்கும் கொண்டுபோகாமல், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற கேஷ் என்கிற குட்டி இடத்தில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று காலை நீட்டிக்கொள்ளும். குரல் கொடுக்கிற சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, அந்தக் கேஷ் கண்ணில் படாது. அது நினைவகத்தை மட்டும்தான் பார்க்கும். ஆகவே சில்லைக் கூப்பிடுவதற்கு முன்னால், கேஷில் இருப்பதை நினைவகத்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஃப்ளஷ் என்பது இவ்வளவுதான். தள்ளாமல் கூப்பிட்டால் சில்லு வந்து பார்க்கும், அங்கே பழைய சொல் கிடக்கும், அதையே பேசிவிட்டுப் போகும். செயலியைக் கேட்டால், நான்தான் அப்போதே சொல்லிவிட்டேனே என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யும்.

தள்ளுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பெட்டி திக்கித் திக்கிப் பேசுகிறது என்று மேலாளர் நச்சரித்தபோது குறுக்கு வழி போட்டவன் சாட்சாத் இவனேதான். நீளமான வாக்கியமா, தள்ளு; ஒற்றைச் சொல்லா, விட்டுவிடு. பக்கத்தில் ஒரு விளக்கம் வேறு எழுதி வைத்திருந்தான்: சின்னதுதானே, தானாகப் போய்ச் சேரும். பெரும்பாலும் சேர்ந்தும்விடும். பெட்டிக்கு நாலு வேலை இருந்தால், புதிது வந்து பழையதை இடித்து வெளியே தள்ளிவிடும். அழைப்பு தொடங்கும் நேரத்தில் அப்படித்தான். ஆனால் எதிர்முனையில் ஒருவர் பேசிக்கொண்டே போக, இந்தப் பக்கம் ஒருவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்து கடைசியில் ஒரே ஒரு சொல் சொன்னால், அது கேஷிலேயே உட்கார்ந்திருக்கும்.

இதைச் சந்தேகத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

அவன் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவள். எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்று, தன் வண்டியைத் தவறவிட்டவன் இவன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வேலை போய்விடுமோ என்கிற அளவுக்கு விட்டிருக்கிறான். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், குரலைக் காப்பாற்ற முடியவில்லை. பெட்டியை இவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். அதில் வருகிற குரலை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "யாரோ ஒருத்தி நம்ம வீட்ல பேசிட்டிருக்கா" என்று அந்தக் குரலிலேயே சொன்னாள். இவன் சிரித்து மழுப்பினான். சீக்கிரம் வா என்பாள், வேலை என்பான். ஜன்னல் கதவு ஆடுகிறது என்பாள், பார்க்கலாம் என்பான். உடம்பு தேறட்டும் என்று அண்ணன் வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவளை ஃபோனில் கூப்பிட்டான். எடுத்ததும், மருந்து வாங்கி அனுப்பவா என்று கேட்டான். "வேண்டாம்" என்றது பெட்டி. அப்புறம் என்ன தோன்றியதோ, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினான். வீடு வீடாக இல்லை, பேருந்து நிலையத்துப் பக்கமே போவதில்லை, அங்கே வேறு யாரோ பேசுகிறார்கள், நீ இல்லாமல் முடியவில்லை என்று வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் பேசினான். கடைசியில், "இன்னிக்கே கிளம்பி நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்" என்றது பெட்டி.

சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் நடந்ததெல்லாம் உப்புச் சப்பில்லாத குறுஞ்செய்திகள். மருந்து தீர்ந்ததா, தீரவில்லை. கரண்ட் பில் கட்டியாயிற்றா, ஆயிற்று. இரண்டு பேருக்குமே வீம்பு. அவன் அதை வீம்பு என்று நினைக்கவில்லை, கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். தினமும் அவளை நினைத்துக்கொண்டு, தினமும் கௌரவமாக இருந்தான்.

"பெட்டியில தட்டினது எங்கயாவது பதிவாகுமா?" என்று சந்தேகத்திடம் கேட்டான்.

"எப்படி ஆகும்? அடுத்தவங்க பேச்சை வச்சிக்கக் கூடாதுன்னு மீட்டிங்ல சண்டை போட்டவனே நீதானே?" அவன் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார் பேசினது?"

அவன் குறுக்கு வழியையும், பக்கத்தில் இருந்த விளக்கத்தையும் அழித்தான். எவ்வளவு சின்னச் சொல்லானாலும் தள்ளிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று மாற்றினான். சந்தேகம் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்காமல் பரிசோதித்துக் கொடுத்தாள். திருத்தம் ஒவ்வொரு பெட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. தன் மனைவியின் பெட்டிக்கும் சேர்ந்துவிட்டதை ஒன்றுக்கு நாலு தடவை பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான். கேஷ், சில்லு என்று உளறி, பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு, "தப்பு பெட்டி மேல இல்ல, என் மேலதான். அன்னிக்கு நீ என்ன சொன்னே?" என்று கேட்டான்.

அவள் மூச்சு மட்டும் கேட்டது. தட்டிக்கொண்டிருக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு அந்த யாரோ ஒருத்தி பேசினாள்.

"வான்னு சொன்னேன். நீயும் சரின்னு சொல்லிட்டு வச்சே. அண்ணிகிட்ட சொல்லி மாடி ரூமைப் பெருக்க வச்சேன். கடைசி பஸ் வர்ற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்க விடல. மறுநாள் அண்ணன் கேட்டப்ப, உனக்கு வேலை இருக்கும்னு சொன்னேன்."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நேராகப் போயிருந்தால்? ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

"இப்ப வரட்டுமா?" என்றான்.

வெகுநேரம் கழித்து வந்தது.

"வேண்டாம்."

இந்த முறை சாக்குச் சொல்ல வழியில்லை. திருத்தியவன் அவன்; பார்த்துக்கொண்டவனும் அவன்தான். இது அவள் சொன்ன வேண்டாம். சரி என்கிற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவதுதான் அவன் பழக்கம். அவன் சொல்லவில்லை, வைக்கவும் இல்லை. காது வலிக்க வலிக்க அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் வைக்கவில்லை.

கடைசியில் பெட்டி பேசியது. "நீ வர வேண்டாம். நீ வர்றேன்னா நான் மறுபடி வாசலைப் பார்த்துட்டு நிக்கணும். என்னால முடியாது. நான் வரேன். இந்தத் தடவை நீ விளக்கு போட்டு வை."

எப்போது என்று அவன் கேட்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அவன் எழுந்து போய் முதலில் அந்த ஆடுகிற ஜன்னல் கதவின் திருகை முடுக்கினான். பிறகு வாசலுக்குப் போனான். பக்கத்து வீட்டுக்காரர் குழாயடியில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, பட்டப்பகல்ல லைட்டைப் போடுறீங்க?"

"எரியட்டும்" என்றான், தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே.