நஸ்ரியா தேடிப் பிடித்த சொல்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் படகு யார்டில் இங்கிலீசில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நஸ்ரியா ஒருத்திதான். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

மூதூரைச் சேர்ந்த அன்ஸார் அந்த யார்டில் எஞ்சின் தூக்குகிறவன். ஒருநாள் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"தங்கச்சி, எஞ்சின் தூக்கிற கம்பிக் கயிறு இழை இழையாப் பிஞ்சு போச்சு. ஆளைக் கொல்லும். மனேஜரிட்டச் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு. கொழும்பு ஹெட் ஒஃபிசுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

எழுதினாள். ஆனால் 'கொல்லும்', 'ஆபத்து' என்றெல்லாம் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கடிதம் மனேஜரின் கண்ணிலும் படும். வீணாக ஏன் பகை? அகராதியைப் புரட்டி 'டிஸ்ட்ரெஸிங்' என்ற சொல்லைப் பிடித்தாள். கயிற்றின் நிலை தொழிலாளருக்கு டிஸ்ட்ரெஸிங்காக இருக்கிறதாம். அதாவது, மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். யாரையும் குற்றம் சொல்லாத, மரியாதையான சொல். தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள்.

கொழும்பைக் குறை சொல்லக் கூடாது, உடனே கவனித்தார்கள். தொழிலாளருக்கு மனக் கஷ்டம் என்று விளங்கிக்கொண்டு மனநல ஆலோசனை சொல்லும் ஒரு நோனாவை, சிங்கள அம்மணியை, அனுப்பினார்கள். அவர் பன்னிரண்டு ஆம்பிளைகளைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். அன்ஸாரும் இழுத்து விட்டான். கயிறு அதே கயிறுதான். அடுத்த மாதம் அது அறுந்தபோது எஞ்சினுக்குக் கீழே நின்றவன் அவன்.

அவன் சாவைப் பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் மனேஜர் அவளைக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தார்.

"நல்ல வேளை நீங்க இப்பிடி எழுதினது. ஆபத்தெண்டு ஒருத்தரும் அறிவிக்கேல்ல எண்டுதான் நாளைக்குச் சொல்லப் போறம். நீங்க வாயைத் திறக்காட்டிக் காணும். வேலையும் இருக்கும்."

அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. பிரதியை எடுத்துக்கொண்டு அன்றே மூதூருக்குப் போனாள்.

அன்ஸாரின் மனைவி அசனா, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்ட ஏலாது. விசாரணை எங்கே நடந்தாலும் அவள் அந்த அறைக்குள்தான்.

"கடிதம் எழுதின அண்டைக்குத்தான் நிம்மதியாச் சோறு திண்டவர், நஸ்ரியா. 'அந்தப் பிள்ளை எழுதிட்டா, இனிப் பயமில்ல' எண்டார். என்ன எழுதின நீ? ஒருக்கா வாசிச்சுக் காட்டன்."

நஸ்ரியா தமிழில் வாசித்துக் காட்டினாள். அந்தச் சொல் வந்ததும் நாக்கு தானாகவே 'ஆபத்தானது' என்றது.

அசனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ். நீ சரியாத்தான் எழுதியிருக்கிறாய். அவங்கதான் கேக்கேல்ல. நாளைக்கு என்ர வாப்பாட்டக் குடுத்து விடுறன், விசாரணையில காட்டட்டும்."

நஸ்ரியா பிரதியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு ஊரறிய வெளிப்படப் போகிற பொய். அதுவும் திண்ணையில் இருந்த அந்தக் கிழவனின் கையால்.

"ராத்தா, அதில ஆபத்தெண்டு இல்ல. மனசுக்குக் கஷ்டமா இருக்கெண்டுதான் எழுதினனான். மனேஜருக்குப் பயந்து."

அசனா ஏசவில்லை. ஏசினாலாவது நஸ்ரியாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அவர் உன்னட்ட என்ன சொன்னவர்?"

"கயிறு ஆளைக் கொல்லும் எண்டு."

"எனக்கு வெளிய வர ஏலாது. நாளைக்கு நீ போ. போய் எல்லாருக்கும் முன்னால அதைச் சொல்லு," என்றாள் அசனா. "தமிழிலேயே சொல்லு."